அக்கா குளத்தில் சிவப்பு வளையங்கள்

பைக் மெக்கானிக் கடை எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்லித் தரவேண்டியதில்லை. வாசலிலேயே கறுப்புப் பிசுக்கு வந்து வரவேற்கும். வெள்ளைச் சட்டையோடு உள்ளே போனவர் புள்ளி போட்ட சட்டையோடுதான் வெளியே வருவார். ஆனால் இந்தத் தெருவின் மேட்டு முனையில் இருந்த கடை மட்டும் அந்தக் கூட்டத்தில் சேராது. அங்கே கைதவறிக் கீழே விழுந்த பிஸ்கட்டை ஊதாமலே எடுத்து வாயில் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதனால்தான் தெருவே கூடி அவருக்குப் பளிங்கு மெக்கானிக் என்று பெயர் வைத்தது. அடையாள அட்டையில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

வயது ஐம்பத்திரண்டு. தொழிலுக்கு வந்து முப்பத்தைந்து வருஷம். சாயங்காலம் ஆறு மணி அடித்தால் ஸ்பானர்களைத் துடைத்து வரிசையாக மாட்டிவிட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு பிரஷர் வாஷரை எடுத்துவிடுவார். தண்ணீரைச் சீறி அடிக்கும் அந்த மெஷின் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதற்கு முன்பெல்லாம் தச்சுப் பட்டறையிலிருந்து மரத்தூள் வாங்கி வந்து, தரையில் சிந்திய எண்ணெய் மேல் தூவி, ஊறவிட்டுக் கூட்டி அள்ளுவார். அரைமணி நேர வேலை, இடுப்பு விட்டுப்போகும். மெஷின் வந்த பிறகு பத்தே நிமிஷம். சோப்புத் தூளைத் தூவி ஒரு அடி அடித்தால், எண்ணெய், கிரீஸ், செயின் கழுவின மண்ணெண்ணெய் எல்லாம் நுரையோடு புரண்டு போய்த் தெரு ஓரத்துக் கம்பி மூடிக்குள் விழுந்துவிடும். மழைத்தண்ணீர் இறங்குவதற்காகப் போட்ட மூடி அது. கண்ணை விட்டு மறைந்தால் கதை முடிந்தது என்று அவர் நிம்மதியாகக் கை கழுவிக்கொள்வார்.

"வீட்ல ஒரு டம்ளர் கழுவி வெச்சதில்ல. கடை வாசலை மட்டும் தினம் குளிப்பாட்டறீங்க" என்பார் அவர் மனைவி. பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். அவர் வாயைத் திறந்தால் மெக்கானிக் வாயை மூடிக்கொள்வார்.

மனுஷன் தாராளமானவர். நல்லது ஒன்று கையில் கிடைத்தால் தனக்கென்று வைத்துக்கொள்ளத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஆனால் அந்த மெஷின் வீடு வீடாகப் போகும். கார் வைத்திருப்பவர்கள் காரைத் தெருவிலேயே நிறுத்தி நுரை பறக்கக் கழுவுவார்கள். யாரும் வாடகை கொடுத்ததில்லை, அவரும் கேட்டதில்லை. தெருவில் அவருக்கு ஏக மரியாதை.

அந்தத் தெரு மேட்டில் தொடங்கிப் பள்ளத்தில் போய் ஒரு குளத்தில் முடியும். குளக்கரையில்தான் அவருடைய அக்காவின் நாற்றுப் பண்ணை. அக்கா அவரைவிட ஏழு வயது பெரியவர். தக்காளி, மிளகாய், ரோஜா, கத்திரி என்று குழித்தட்டுகளில் நாற்று விட்டு, விரல் நீளம் வளர்ந்ததும் விற்பார். அப்பா போனபோது தம்பிக்குப் பதினாறு வயது. அக்கா ஒரு பெரிய பண்ணையில் பையில் மண் நிரப்பும் வேலைக்குப் போய்த் தம்பியைத் தொழில் பழக அனுப்பினார். பிறகு சொந்தமாகப் பண்ணை வைத்தார். தம்பி கடை போட்ட வருஷம், கூரைக்கு வழியில்லாமல் அவர் விழித்துக்கொண்டு நின்றபோது, தன் நாற்றுக் கொட்டகைக்கு வாங்கி வைத்திருந்த தகரத்தை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார். அந்த வருஷ மழையில் அக்காவின் நாற்று பாதி அழுகிப்போனது. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பிக்கு மட்டும் இன்றைக்கும் மழைத்துளி தகரத்தில் விழும் சத்தம் கேட்டால் அக்கா ஞாபகம்தான் வரும்.

அப்படிப்பட்ட அக்காவுக்குத்தான் இரண்டு வருஷமாகச் சோதனை.

விதை முளைக்கும், இரண்டு இலை விடும், மூன்றாவது இலையில் ஓரம் கருகும், நாலே நாளில் தலை சாயும். மண்ணை மாற்றிப் பார்த்தார். விதையை மாற்றிப் பார்த்தார். மருந்துக் கடைக்காரர் சொன்னதையெல்லாம் தெளித்துப் பார்த்தார். குழித்தட்டில் தண்ணீர் ஊற்றினால் மண் குடிக்காமல் முத்து முத்தாக மேலேயே உருண்டு நின்றது. மழை வேறு இரண்டு வருஷமும் சரியில்லை. குளம் வற்றிப் பாதியாகிவிட்டது. போன வருஷம் வரை வாடிக்கையாக வந்தவர்கள், "உங்ககிட்ட வாங்கின செடி நிக்கலையேம்மா" என்று மென்று முழுங்கிச் சொல்லிவிட்டு வேறு பண்ணை தேடிப் போய்விட்டார்கள்.

தொலைவில் வேறு ஊரில் இருக்கும் மகள், "போதும்மா, எல்லாத்தையும் விட்டுட்டு எங்ககூட வந்துடு" என்று தினமும் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்காவும் மனசுக்குள் நாள் குறித்துவிட்டார். இந்தப் பருவத்து நாற்றும் கருகினால் பண்ணையை மூடிவிடுவது. அதைத் தம்பியிடம் சொன்ன அன்றைக்குத் தம்பிக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யாரால் இந்த வினை என்பதில் அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. தெரு நடுவில் குடியிருக்கும் வீட்டுப் பெயிண்டர்தான். அவர் வேலை முடிந்து வந்து வாளியும் பிரஷும் கழுவுவதை அக்கா கண்ணால் பார்த்திருக்கிறார். கழுவின தண்ணீர் வெள்ளையாக ஓடித் தெரு ஓரத்து மூடிக்குள் போனதையும் பார்த்திருக்கிறார். அதற்கு மறுநாள் குளத்தின் ஓரம் பால் கலங்கினது போல் இருந்ததாம். அன்றிலிருந்து அக்கா பெயிண்டரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெயிண்டர் எதிரே வந்தால் இவர் அந்தப் பக்கம் போய்விடுவார். ஏழு மாசமாக இதே கதை. பெயிண்டரோ வாயில்லாப் பூச்சி. என்ன தப்புச் செய்தோம் என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் வணக்கம் வைத்துவிட்டு அசடு வழிய நிற்பார்.

இதற்கிடையில் குளத்திலிருந்து தண்ணீர் இழுக்கும் அக்காவின் பம்ப் வேறு அடிக்கடி மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. பம்ப் பார்ப்பது மெக்கானிக்கின் தொழில் இல்லை. ஆனால் அக்கா பம்பை அடுத்தவன் தொட அவர் விடுவாரா? இரண்டு தடவை வந்து அதைத் திருகி, இதை மாற்றி, ஓட வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு தடவையும் அக்கா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, தம்பியின் தலையைத் தொட்டு, "நல்லா இருடா" என்பார். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. மெக்கானிக்குக் கூலி, விருந்து, விருது எல்லாம் அந்த இரண்டு சொல்லில் வந்துவிடும். அதை வாங்கிக்கொண்டு மேட்டில் ஏறும்போது வண்டி தானாகவே போவது போல் இருக்கும் அவருக்கு.

மூன்றாவது தடவை கூப்பிட்டபோது அவருக்கே வெட்கமாகிவிட்டது. ஒரே நோய்க்கு மூன்று தடவை மருந்து கொடுத்தால் வைத்தியன் மேல்தான் தப்பு. அதனால் குளத்துக்குள் இறங்கிக் குழாயின் அடிமுனையையே வெளியே எடுத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். காலை ஒன்பது மணி. இடுப்பளவு தண்ணீரில் நின்று முக்கி முனகிக் குழாயைத் தூக்கினார். அடியில் சல்லடை மாட்டிய வால்வு. சல்லடை முழுக்கக் கறுப்பு வழவழப்பு. விரலில் எடுத்து முகர்ந்தார். முப்பத்தைந்து வருஷம் அந்த வாசனையிலேயே புரண்டவருக்கு அது என்னவென்று யாரும் சொல்ல வேண்டுமா? பழைய என்ஜின் ஆயில்.

வழவழப்பை வழித்துப் போட்டபோது உள்ளே சிவப்பாக ஏதோ தெரிந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். பிளாஸ்டிக் வளையம். ஆயில் பாட்டிலின் மூடியைத் திருகும்போது கழுத்திலேயே தங்கிவிடுமே, அந்த வளையம். ஒன்றல்ல, கைப்பிடி நிறைய. சல்லடையின் கண்களில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சிக்கிக்கொண்டிருந்தன.

எல்லா வளையமும் ஓரிடத்தில் வெட்டுப்பட்டிருந்தது. ஒரே அளவாக, ஒரே சாய்வாக.

மெக்கானிக்குக் காலுக்குக் கீழே சேறு நழுவியது போல் இருந்தது. ஊரில் எத்தனையோ மெக்கானிக் இருக்கிறார்கள். எல்லோரும் மூடியைத் திருகுவார்கள், ஆயிலை ஊற்றுவார்கள், பாட்டிலைப் போடுவார்கள். வளையத்தை எவனும் தொடுவதில்லை. தொடுகிறவர் இவர் ஒருவர்தான். தொழில் பழகிய நாளில் தளர்ந்த வளையம் ஒன்று நழுவிப் புனலுக்குள் விழுந்து அடைத்து, ஆயில் வழிந்து, முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து பாட்டிலைத் திறந்தால் முதல் வேலை, கட்டரை எடுத்து வளையத்தை 'டிக்' என்று வெட்டிக் கழற்றுவது. கழற்றியது தரையில் விழும். முன்பெல்லாம் மரத்தூளோடு கூட்டி அள்ளப்பட்டுக் குப்பைக்குப் போனது. இரண்டு வருஷமாக எங்கே போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

"என்னடா ஆச்சு? கிடைச்சுதா?" என்று கரையிலிருந்து அக்கா கேட்டார்.

"குப்பை அடைச்சிருந்துதுக்கா" என்று வளையங்களைச் சட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

சல்லடையைக் கழுவி மாட்டினார். பம்ப் போட்டதும் தண்ணீர் கொட்டியது. அக்கா வந்து தலையைத் தொட்டு, "நல்லா இருடா" என்றார். அன்றைக்கு அது நெருப்பாகச் சுட்டது. "நாளைக்குக் காலையில பத்து மணிக்கு நகராட்சி ஆபீஸ்ல அந்தப் பெயிண்டர் மேல புகார் எழுதிக் குடுக்கப் போறேன். நீயும் கூட வாடா, எனக்கு அங்கெல்லாம் பேச வராது" என்றும் சொன்னார்.

மெக்கானிக் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தார். வழியெல்லாம் மனசு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டே வந்தது. அந்த மூடிக்குள் போவது வீட்டுச் சாக்கடையோடு சேர்ந்து, ஊருக்கு வெளியே இருக்கும் சுத்திகரிப்பு நிலையத்துக்கல்லவா போகிறது? அப்படித்தானே எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம்? வளையத்தைக் காக்கா தூக்கிப் போயிருக்கும். காற்று அடித்துப் போயிருக்கும். காக்கா இத்தனை வளையம் தூக்குமா என்று மனசே திருப்பிக் கேட்டது. வளையத்தைத் தூக்கும் காக்கா ஆயிலையும் தூக்குமா?

நல்ல வேளை, மனுஷன் மெக்கானிக். சந்தேகம் வந்தால் கழற்றிப் பார்க்காமல் விட மாட்டார்.

மத்தியானம் மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்து மழை பிடித்தது. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மழை இல்லை. பக்கத்து ஜூஸ் கடையில் பிழிந்து போட்ட எலுமிச்சைத் தோல் ஒரு வாளி இருந்தது. அதைக் கேட்டு வாங்கி, தன் கடை வாசல் மூடிக்குள் மொத்தத்தையும் கொட்டினார். ஜூஸ் கடைக்காரர் கேள்வி கேட்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். இவருக்கு ஏதோ வேண்டுதல் என்று நினைத்திருப்பார். மெக்கானிக் கொட்டும் மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு பள்ளத்துக்கு விட்டார்.

குளத்தின் மூலையில் புதருக்கு நடுவே ஒரு சிமெண்ட் குழாய் வாயைப் பிளந்துகொண்டிருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்த குழாய்தான். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை. அதன் எதிரே நனைந்துகொண்டு நின்றார். முதலில் சருகு வந்தது. பிறகு சோப்பு நுரை, சிகரெட் துண்டு, நாய்க் கழிவு, பால் நிறத்தில் ஒரு கலங்கல். தண்ணீரின் மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் விரிந்து விரிந்து போனது. கால்மணி நேரம் ஆகியிருக்கும். மஞ்சளாக ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னாலேயே இரண்டு, ஐந்து, பத்து. எலுமிச்சைத் தோல்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, ஏதோ ஊர்வலம் போல, அக்காவின் குளத்துக்குள் இறங்கின.

நடுவில் எந்தத் தொட்டியும் இல்லை, எந்த நிலையமும் இல்லை. அவர் வாசலும் அக்காவின் குளமும் ஒரே குழாயின் இரண்டு முனை. மெக்கானிக் அங்கேயே கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். மழையில் நனைந்திருந்ததால் அழுதது யாருக்கும் தெரிய நியாயமில்லை. அழுதார் என்று அவரே பின்னால் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் வளையங்களைக் கொட்டிக் காட்டினார். அந்த அம்மாள் எல்லாவற்றையும் கேட்டார். வழக்கமாக ஒன்றுக்கு ஒன்பதாகப் பேசுகிறவர், அன்றைக்குத் துண்டை எடுத்து அவர் தலையைத் துவட்டினார்.

"சொல்லாமலே விட்டுட்டா என்ன? நாளையிலேருந்து நான் நிறுத்திடறேன். அக்காவுக்குத் தெரிய வேண்டாமே" என்றார் மெக்கானிக். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நிறுத்திடுவீங்க. சரி. புகார் போன பிறகு அந்தப் பெயிண்டர் முகத்துல எப்படி முழிப்பீங்க?"

"அக்கா என்னை வெறுத்துட்டா?"

"வெறுக்கட்டும். உண்மை தெரிஞ்சு வெறுத்தா ஒரு நாள் சரியாகும். தெரியாம தலையைத் தொட்டு வாழ்த்துனா, அதை எப்படிங்க தாங்குவீங்க?"

மெக்கானிக் வளையங்களைப் பொறுக்கி ஒரு பையில் போட்டுக் கட்டினார். மறுநாள் காலை ஏழு மணிக்கெல்லாம் பண்ணை வாசலில் நின்றார். அக்கா வெளியே போகும் புடவையைக் கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். கையில் நாலாக மடித்த காகிதம். புகார்.

"இவ்வளவு சீக்கிரம் வந்துட்டே? பத்து மணிக்குத்தானே?"

"அக்கா, பெயிண்டர் இல்லக்கா. நான்தான்."

அக்காவுக்குப் புரியவில்லை. மெக்கானிக் வளையங்களை நாற்று மேஜையில், கருகிய தட்டுகளுக்குப் பக்கத்தில் வைத்தார். ஒரு வளையத்தை எடுத்து வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினார். மெஷின், சோப்பு, மூடி, குழாய், எலுமிச்சைத் தோல் என்று ஒன்று விடாமல் சொன்னார். தனக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூடச் சேர்க்கவில்லை.

அக்கா ஒரு வளையத்தைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"நேத்துக் காலையில சந்தேகம். மத்தியானம் உறுதியாயிடுச்சு."

"ராத்திரி தூங்கினியா?"

"இல்லக்கா."

"நான் ரெண்டு வருஷமா தூங்கலடா."

அவ்வளவுதான் சொன்னார். திட்டியிருந்தால் மெக்கானிக் வாங்கிக்கொண்டு போயிருப்பார். நாலு சாத்துச் சாத்தியிருந்தால் இன்னும் நிம்மதி. அக்கா திட்டவில்லை. கருகிய தட்டு ஒன்றை எடுத்து அதன் மண்ணைக் குப்பைக் கூடையில் தட்டிக் கொட்டினார். இரண்டாவது தட்டு, மூன்றாவது தட்டு. தம்பி கைகட்டிக்கொண்டு நின்றார். கை வேண்டுமா என்று கேட்கக்கூடத் தைரியமில்லை. எல்லாத் தட்டும் காலியான பிறகு அக்கா கையைத் தட்டிக்கொண்டு திரும்பினார்.

"அந்த மனுஷன் ஏழு மாசமா எனக்கு வணக்கம் வெச்சுட்டு நிக்கறாரு. நான் பார்க்காத மாதிரி போயிட்டிருக்கேன். அதுக்கு என்னடா பண்ணப் போறே?"

"வாக்கா, போய்ச் சொல்லிடலாம்."

புகார்க் காகிதம் அக்கா கையில் எட்டாகக் கிழிந்து, பதினாறாகி, கூடையில் விழுந்தது.

பெயிண்டர் வீட்டில் ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் அக்காவும் தம்பியும் சேர்ந்து நிற்பதைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஏணியை இறக்கி வைத்துவிட்டு, வழக்கம் போல வணக்கம் வைத்தார். அக்காவும் கைகூப்பினார். மெக்கானிக் இன்னொரு தடவை எல்லாவற்றையும் சொன்னார். இரண்டாவது தடவை கொஞ்சம் சுலபமாக வந்தது.

பெயிண்டர் கேட்டு முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தார். "நீங்க வந்து சொன்னீங்களே, அது பெரிய மனசு. ஆனா மெக்கானிக், முழுப் பழியையும் நீங்களே எடுத்துக்காதீங்க. நானும் பிரஷ் கழுவற தண்ணியை அங்கதானே ஊத்தறேன்? அக்கா பார்த்தது பொய் இல்ல. குளத்துக்குப் போகுதுன்னு சத்தியமா தெரியாது."

"அப்ப நான் ஏழு மாசம் பேசாம இருந்தது பாதி சரிங்கறீங்களா?" என்றார் அக்கா.

"மூணரை மாசம் சரிங்க. மீதி மூணரை மாசத்துக்கு நீங்க என்கூடப் பேசியாகணும்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தம்பி பக்கம் மட்டும் திரும்பவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குப் பளிங்கு மெக்கானிக் கடையில் மெஷின் சத்தம் கேட்கவில்லை. பழையபடி மரத்தூள் வந்தது. சிந்தினால் தூவு, ஊறவிடு, கூட்டு, பையில் கட்டு, பழைய ஆயில் எடுக்க வருபவரிடம் டிரம்மோடு சேர்த்துக் கொடு. செயின் கழுவும் மண்ணெண்ணெயை டின்னில் தெளியவிட்டு மேலாக எடுத்துத் திரும்பப் பயன்படுத்தினார். கடை வாசலில் விரல் உயரத்துக்குச் சிமெண்ட்டால் ஒரு வரப்பு கட்டினார், ஒரு சொட்டுக்கூடத் தெருவுக்குத் தாண்டக்கூடாது என்று. வெட்டின வளையத்துக்கு ஆணியில் ஒரு டப்பா தொங்கியது. தரையின் பளபளப்பு ஒரே மாசத்தில் போய்விட்டது. வந்தவர்கள், "என்ன மெக்கானிக், உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று விசாரித்தார்கள். மனுஷனுக்கு உள்ளே சுருக்கென்றுதான் இருந்தது. இருந்தாலும் ஒவ்வொருவரையும் உட்கார வைத்து எலுமிச்சைத் தோல் கதையைச் சொன்னார்.

மெஷினைக் கேட்டு வந்தவர்களிடம், "கொண்டுபோங்க. ஆனா காரைப் புல்தரையில ஏத்தி நிறுத்திக் கழுவுங்க, சோப்பைக் குறைச்சுக்குங்க. தண்ணி மண்ணுக்குள்ள இறங்கணும், மூடிக்குள்ள இறங்கக்கூடாது" என்றார். ஒன்றிரண்டு பேர், "குழாய் போட்டது நகராட்சி, எனக்கென்ன வந்துது" என்றார்கள். அவர்களை மழை நாளில் குடை பிடித்துக் குளத்தங்கரைக்குக் கூட்டிப் போனார். போய் வந்தவர்கள் அப்புறம் அப்படிப் பேசவில்லை.

பெயிண்டர் தன் பங்குக்குப் பிரஷை இரண்டு டின்னில் அலசித் தெளியவிட்டு, அடியில் தங்கும் கசட்டைக் காயவைத்துக் குப்பையில் போட்டார். தெளிந்த தண்ணீரை வீட்டுக்குள் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினார், அதுதான் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகிற வழி. இரண்டு நாய் வளர்க்கும் கணக்கு வாத்தியார் நடைக்குப் போகும்போது சட்டைப் பையில் காகிதப் பை வைத்துக்கொண்டார். தோட்டம் வைத்திருப்பவர்கள் சருகைத் தெருவில் தள்ளாமல் செடிக்கே போட்டார்கள், மழை வரும் போல் இருந்தால் உரம் போடுவதைத் தள்ளிவைத்தார்கள். யாரும் உத்தரவு போடவில்லை. பெயிண்டர் ஒரு நாள் மிச்சமிருந்த பச்சை பெயிண்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மூடிக்குப் பக்கத்திலும் இரண்டு இலை விட்ட நாற்று ஒன்றை வரைந்தார். அதற்குக் கீழே எழுத்து எதுவும் இல்லை. அது யாருடைய நாற்று என்று தெருவுக்கே தெரியும். அதன் மேல் கழிவுத் தண்ணீரை ஊற்ற யாருக்குக் கை வரும்?

ஞாயிற்றுக்கிழமைகளில் மெக்கானிக் சல்லடை ஒன்றை எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார். குழாய் வாயிலும் கரையோரச் சேற்றிலும் வளையங்களைத் தேடித் தேடிப் பொறுக்கி ஒரு வாளியில் போட்டார். அக்கா வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பார். வாளியை வாங்கி உள்ளே கொண்டு வைப்பார். டீ கொடுப்பார். பம்ப் பற்றிப் பேசுவார், மகளைப் பற்றிப் பேசுவார். பேச்சுக்குக் குறைவில்லை. ஆனால் கிளம்பும்போது தலையைத் தொடுவதில்லை. அந்த இரண்டு சொல் வரவில்லை. மெக்கானிக்கும் எதிர்பார்க்காதவர் போலத்தான் வண்டியைக் கிளப்புவார். மேட்டில் ஏறும்போது வண்டி கனக்கும். தன்னை வாசலில் நிற்க விட்டாளே, கையால் டீ கொடுக்கிறாளே, அதுவே அவளுடைய தயவு என்று மனைவியிடம் சொல்வார். உண்மையாகவே அந்த நன்றி அவருக்கு இருந்தது.

அந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. குளம் பழைய தண்ணீரைத் தள்ளிவிட்டுப் புதிதாக நிரம்பியது. அக்கா மறுபடி தட்டுகளில் மண் நிரப்பி விதைத்தார். மூன்றாவது இலை வந்தது. தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டது. நாலாவது இலையும் வந்தது. ஓரம் கருகவில்லை. பெயிண்டர் தினமும் வேலைக்குப் போகும் வழியில் ஒரு எட்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போய், தெரு முழுக்கச் செய்தி வாசித்தார். மகளிடம் அக்கா, "இப்ப வர்றதுக்கு இல்லடி. விதை போட்டிருக்கேன்" என்று சொல்லிவிட்டார்.

இரண்டு மாசம் கழித்து ஒரு காலையில் அக்கா கூப்பிட்டனுப்பினார். பம்ப்தான் என்று நினைத்து மெக்கானிக் ஸ்பானர் பையோடு போனார். பண்ணைக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வரிசை வரிசையாகத் தொட்டிகளில் இளம் ரோஜாவும் தக்காளியும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு குச்சி. செடி சாயாமல் குச்சியோடு சேர்த்துப் பிடித்திருந்தது ஒரு சிவப்பு வளையம். வெட்டுப்பட்ட இடத்தில் விரித்து மாட்டினால் தண்டை நெருக்காமல், நழுவாமல், அதற்கென்றே செய்தது போல உட்கார்ந்திருந்தது. பண்ணை முழுக்கச் சிவப்பு. வாங்க வந்த ஒரு பெண், "இந்த வளையம் அழகா இருக்கும்மா, எங்க வாங்கினீங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என் தம்பி குடுத்தது" என்றார் அக்கா.

அந்தப் பெண் செடியோடு போனதும் அக்கா காலி வாளியைக் கொண்டுவந்து தம்பியின் எதிரே கவிழ்த்துக் காட்டினார்.

"வளையம் தீர்ந்துபோச்சுடா. நேத்துக் குளத்துல தேடினேன், ஒண்ணுகூட இல்ல. இனிமே வராதில்ல?"

"வராதுக்கா" என்றார் மெக்கானிக். "வேணும்னா டப்பாவுல சேர்த்து வெச்சிருக்கேன். கையால கொண்டுவந்து குடுக்கறேன்."

அக்கா வாளியைக் கீழே வைத்தார். ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். ஐம்பத்திரண்டு வயது மெக்கானிக், ஸ்பானர் பையைப் பிடித்துக்கொண்டு, தானாகவே தலையைக் கொஞ்சம் குனிந்து நின்றார்.

"நல்லா இருடா" என்றார் அக்கா.